வாடகை சைக்கிள் முதல் விலையில்லா மிதிவண்டி வரை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் குழு ஊக்குநர் கேட்டார். சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சைக்கிள் வரலாறு எழுதுகிறேன் என்றேன். "சைக்கிளுக்கு என்னக்கா வரலாறு?" என்று கேட்டார். இருக்கிறது. நம்ம பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்த கதையில் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு.

எழுத நினைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் இருப்பது நடுநிலைப் பள்ளி. எட்டாவது முடித்த பிள்ளைகள் ஜூன் மாதம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகணும். என் மகளும் அதில் ஒருத்தி. காலையில் ஒரு டவுன் பஸ், அதை விட்டால் பத்து மணிக்குத்தான் அடுத்தது. சைக்கிள் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அவளுக்கும் அவள் செட்டுப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் என்றாலே வேண்டாம் என்று இருந்தது. ஏன் வேண்டாம் என்கிறார்கள், எப்படி ஆசை வரவைப்பது என்று யோசித்தபோதுதான், நமக்கு முன்னால் யார் யார் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

மணிக்கணக்கு வாடகை

நம்ம அப்பா, தாத்தா காலத்தில் சைக்கிள் என்பது ஒரு சொத்து. சுதந்திரத்துக்கு முன்னால் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டிகள்தான். பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். சென்னை அம்பத்தூரில் சைக்கிள் செய்கிற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-ல் தொடங்கியது. பஞ்சாப் லூதியானாவில் ஹீரோ 1956-ல் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. ஹெர்குலஸ், ராலே, பி.எஸ்.ஏ., அட்லஸ் என்ற பெயர்களைச் சொன்னால் பெரியவர்கள் முகம் இன்றைக்கும் மலரும். சைக்கிளுக்கு வரி கட்டி, வில்லை வாங்கி மாட்டி ஓட்டிய காலம் அது. ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும்.

சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை. கடைத்தெருவில் ஒரு கடையாவது இருக்கும். மட்கார்டில் நம்பர் எழுதியிருக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுக் கொடுப்பார். மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. கோடை லீவு விட்டால் பையன்கள் காசு சேர்த்துக்கொண்டு கடை வாசலில் நிற்பார்கள். சின்ன சைக்கிள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் கிடைக்காதவன் பெரிய ஜென்ட்ஸ் சைக்கிளை எடுப்பான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மிதிப்பான். அதுதான் குரங்கு பெடல். அந்தப் பெயரிலேயே 2024-ல் ஒரு படமும் வந்தது. ராசி அழகப்பன் எழுதிய 'சைக்கிள்' என்ற சிறுகதையிலிருந்து எடுத்த படம். எங்கள் வீட்டில் டிவியில் பார்த்தபோது என் மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகளுக்கு ஆச்சரியம். "இவ்ளோ கஷ்டப்பட்டா தாத்தா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள். "கஷ்டமா? அது வெளையாட்டுடா" என்றார்.

நம்ம டெல்டாவுக்கு சைக்கிள் மாதிரி பொருத்தமான வண்டி வேறு கிடையாது. ஏற்றம் இறக்கம் இல்லாத சமநிலம். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை எல்லாமே பாதைதான். பால் கேன், மீன் கூடை, உர மூட்டை, நாத்து முடி, நெல் மூட்டை என்று கேரியரில் ஏறாத சாமான் இல்லை. வயலுக்குத் தண்ணி வைக்கப் போகிறவர் மண்வெட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவார்.

இத்தனையிலும் ஒன்று கவனியுங்கள். குரங்கு பெடல் போட்டவர்கள் எல்லாம் பையன்கள். ஆம்பிளைகள் சைக்கிளில் வயலுக்குப் போனார்கள், நடவுக்குப் போன பெண்கள் நடந்து போனார்கள். பொம்பளப் பிள்ளை சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். கர்ப்பப்பை மேல் இவ்வளவு அக்கறை இருந்தவர்கள், நடவு நட்டுக் குனிந்தே கிடந்தவளுக்கும், தலையில் கட்டு சுமந்தவளுக்கும் அதைச் சொல்லவில்லை.

பக்கத்து மாவட்டத்தில் நடந்தது

இந்த நிலைமை பெரிய அளவில் மாறியது நம்ம பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில்தான். தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1974-ல் உண்டாக்கிய மாவட்டம் அது. மண் நம்ம மண் மாதிரி இல்லை. காவிரித் தண்ணி கொஞ்ச இடத்துக்குத்தான் போகும், மற்றதெல்லாம் ஏரி, குளம், வானம் பார்த்த பூமி. பஸ்ஸும் குறைவு.

அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சாயங்காலம் வகுப்பு எடுக்கிற இயக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் அதிகாரி. ஒரு பெண் படிக்க வேண்டும் என்றால் வகுப்புக்கு வந்து போகணும், சொல்லிக்கொடுக்கிற பெண்ணும் ஊர் ஊராகப் போகணும். ஒவ்வொரு தடவையும் புருஷனையோ அண்ணனையோ எதிர்பார்த்தால் நடக்காது. அதனால் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் படிப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்கள். இயக்கத்தில் வேலை செய்த பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஊர் ஊராகப் பயிற்சி முகாம் போட்டார்கள். சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லிப் பாட்டு எழுதிப் பாடினார்கள்.

விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள், சத்துணவு ஊழியர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் வந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் தரும் கணக்கு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்களாம். சில பேர் அதுதான் நல்லது என்றார்களாம், முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே!

அந்த லட்சம் பேரில் ஒருவர் என் சித்தி. கந்தர்வகோட்டை பக்கம் வாக்கப்பட்டுப் போனவங்க. கத்துக்கிட்ட புதுசில், தஞ்சாவூர் ரோட்டைத் தாண்டி எங்கள் ஊருக்கே சைக்கிளில் வந்து இறங்கினாங்களாம். முன்னால் பாரில் துண்டைச் சுற்றி அதில் மகனை உட்கார வைத்திருந்தாங்களாம். எங்க பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு, "ஊர்ல யாராவது பாத்தாங்களாடி?" என்றுதான் முதலில் கேட்டதாம். சாயங்காலம் திரும்பிப் போகும்போது அதே பாட்டி, "கேரியர்ல ஒரு மூட்டை வைக்கலாமா?" என்று கேட்டு, வீட்டு அரிசி கட்டிக் கொடுத்ததாம்.

சித்தியிடம், "எப்படிச் சித்தி அத்தனை பேரும் கத்துக்கிட்டீங்க? பயமா இல்லையா?" என்று கேட்டேன். அவங்க சொன்ன பதில் இது. "பயம் எல்லாருக்கும் இருந்துச்சு. ஆனா எல்லாரும் விழுந்தோம். எல்லாரும் விழுற எடத்துல எவ சிரிப்பா? தனியாக் கத்துக்கச் சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. புதுக்கோட்டையில் யாரும் யாரையும் திட்டி சைக்கிளில் ஏற்றவில்லை. கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சைக்கிள், கூடக் கற்றுக்கொள்ள நாலு பேர், சிரிக்காத ஒரு இடம். இந்த மூன்றும் இருந்தது, கற்றுக்கொண்டார்கள். நம்ம பிள்ளைகளுக்கு இந்த மூன்றில் எது இல்லை என்று பார்த்தாலே போதும்.

பதினொன்றாம் வகுப்பு சைக்கிள்

அடுத்த கட்டம் அரசு கொடுத்த சைக்கிள். தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில், மேல்நிலை வகுப்பு படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிற மாணவ மாணவிகள் எல்லோருக்கும் என்று அது விரிந்தது. இன்றைக்கும் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. காலை எட்டரை மணிக்கு நம்ம ரோடுகளில் ஒரே நிற சைக்கிளில் பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்க்காதவர் இல்லை. ஒரு சமயம் பொம்பளப் பிள்ளை சைக்கிளில் போனால் ஊர் திரும்பிப் பார்த்தது. இப்போது யாரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய வெற்றி.

ஆனால் நான் பத்தாவதோடு நின்றவள். மேல்நிலைப் பள்ளி எட்டு கிலோமீட்டர் தூரம். "எப்படிப் போவே? யார் கொண்டுவிடுவா?" என்று வீட்டில் கேட்டார்கள், பதில் இல்லை. பதினொன்றாவது சேர்ந்தால் சைக்கிள் கிடைக்கும். பதினொன்றாவது சேர்வதற்கே சைக்கிள் வேண்டியிருந்தது. என்னைப் போல நின்றவர்கள் நம்ம கூட்டமைப்பிலேயே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரியும்.

பீகாரில் இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். 2006-ல் தொடங்கிய திட்டத்தில், ஒன்பதாம் வகுப்பு சேர்கிற பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதன் பலனைக் கணக்கெடுத்தார்கள். உயர்நிலை வகுப்பில் சேர்கிற பெண்பிள்ளைகள் 32 சதவீதம் கூடினார்கள். ஆண் பெண் வித்தியாசம் 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்றும் கண்டார்கள். எட்டாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில் இருக்கிற வருஷங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்றைக்கு ஏன் பிடிக்கவில்லை?

இப்போது நம்ம பிள்ளைகளுக்கு வருவோம். முந்தின தலைமுறைக்கு ஆசை இருந்தது, சைக்கிள் இல்லை. இந்தத் தலைமுறைக்கு சைக்கிள் திண்ணையில் துருப்பிடித்து நிற்கிறது, ஆசை இல்லை. எல்லோரும் செல்போன் மேல் பழியைப் போடுகிறார்கள். செல்போனும் ஒரு காரணம்தான். ஆனால் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டபோது அவர்கள் சொன்னது வேறு.

ஒரு பையன், "அண்ணன் சைக்கிள் பெருசு, கால் எட்டல" என்றான். ஒருத்தன், "பைக் ஓட்டுனாத்தான் கெத்து, சைக்கிள் இல்லாதப்பட்டவங்க வண்டி" என்றான். பதிமூன்று வயசுப் பையனிடம் பைக் சாவியைக் கொடுத்து அழகு பார்க்கிற வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சின்னப் பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் வீட்டுப் பெரியவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் உண்டு. பணத்தைவிட உயிர் பெரிசு என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

என் மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "கத்துக்கும்போது விழுந்தா தெருவுல பசங்க சிரிப்பாங்க. வயசுக்கு வந்த பொண்ணு விழுந்து எந்திரிச்சா எல்லாரும் பாப்பாங்க" என்றாள். பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட அதே கேள்வி முப்பது வருஷம் கழித்து இவள் வாயில் வருகிறது. இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை, பயம். பயந்த பிள்ளையைத் திட்டினால் பயம் இரண்டாகும்.

பெடல் இல்லாத சைக்கிள்

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்கும் வரலாற்றிலேயே வழி இருக்கிறது. உலகத்தில் முதன்முதலில் வந்த சைக்கிளுக்குப் பெடலே கிடையாது. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தால் செய்தார். இரண்டு சக்கரம், நடுவில் உட்கார ஒரு கட்டை, திருப்ப ஒரு கைப்பிடி. காலால் தரையை உந்தி உந்திப் போகணும். பெடல் வைத்த வண்டிகள் பிரான்சில் பிரபலமானது 1860-களில்தான். இன்றைக்கு நாம் ஓட்டுகிற மாதிரி இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், செயின் வைத்த சைக்கிளை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்தார். காற்றடைத்த டயர் வந்த கதை இன்னும் நல்ல கதை. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு டாக்டர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் போகணும் என்பதற்காகச் செய்து பார்த்ததுதான் அது. 1888-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு அப்பா தன் பிள்ளைக்காகச் செய்தது இன்றைக்கு உலகமெல்லாம் ஓடுகிறது.

மனுஷனே முதலில் பேலன்ஸ், பிறகுதான் பெடல் என்று கற்றுக்கொண்டிருக்கிறான். பிள்ளைகளும் அப்படியே கற்றுக்கொள்ளலாம். நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சைக்கிள். எங்கள் குழுவில் ஒருவர் வீட்டில் பிள்ளை வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த சின்ன சைக்கிளைக் கேட்டு வாங்கினோம். டியூப் மாற்றி, பிரேக் கட்டை புதுசாகப் போட்டோம். இரண்டு பெடலையும் கழற்றினோம். இதில் ஒன்று ஞாபகம் வேண்டும். வலது பெடலை எல்லா நட்டு மாதிரியும் கழற்றலாம், இடது பெடலுக்கு மரை தலைகீழ். தெரியாமல் திருகினால் இன்னும் இறுகிக்கொள்ளும். சீட்டை முழுசாக இறக்கி, இரண்டு பாதமும் தரையில் பதிகிற மாதிரி வைத்தோம். கால் தரையில் இருந்தால் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது இடம். நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துக்கு நெல் போனபிறகு களம் காலியாகத்தான் கிடக்கும். தெருவை விட்டுத் தள்ளி இருப்பதால் வேடிக்கை பார்க்கிற கூட்டமும் இல்லை. கோடையில் வாய்க்காலும் வறண்டு கிடப்பதால் கரைப் பாதையிலும் ஓட்டிப் பார்க்கலாம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணி வந்துவிட்டால், புதுசாக ஓட்டுகிற பிள்ளைகளைக் கரையோரம் விடக்கூடாது.

மூன்றாவது கூட்டம். ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள், கூட மூன்று அம்மாக்கள். ஓட்டத் தெரியாத அம்மாக்களும் அதே சைக்கிள் பழக வந்தார்கள். அம்மா விழுந்ததைப் பார்த்தபிறகு பிள்ளைகளுக்கு விழுவது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. என் சித்தியையும் ஒரு வாரம் வரச்சொல்லி இருந்தேன். அறுபதை நெருங்குகிறவங்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்தை இரண்டு சுற்று சுற்றிக் காட்டினாங்க. அதுக்குப் பிறகு வாய் பேசின பையன்கள் வாயைத் திறக்கவில்லை.

பெடல் இல்லாமல் உந்தி உந்திப் போய், இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்தடி போகிற அன்றைக்குப் பெடலை மாட்டினோம். சில பிள்ளைகளுக்கு மூன்று நாள், சில பேருக்குப் பத்து நாள். என் மகளுக்குப் பன்னிரண்டு நாள். யாரையும் யாரோடும் ஒப்பிடுவதில்லை என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டோம்.

கற்றுக்கொடுப்பது ஒன்று, ஆசை வரவைப்பது ஒன்று. ஆசைக்குக் குடும்பம் கூடவே போகணும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் இறங்கினதும் நாங்கள் நாலு பேரும் மூன்று சைக்கிளில் கிளம்புவோம். அப்பா கேரியரில் தம்பி. முதல் வாரம் மாரியம்மன் கோயில் வரை, அடுத்த வாரம் மதகு வரை, அதற்கடுத்த வாரம் பக்கத்து ஊர் டீக்கடை வரை. அங்கே ஒரு வடை. பிள்ளைகளுக்கு வடை, எனக்கு மதகில் உட்காருகிற கால் மணி நேரம். முன்னால் போகிறவர் வேகமாகப் போகக்கூடாது, கடைசிப் பிள்ளை எந்த வேகமோ அதுதான் எல்லோருக்கும் வேகம். வீட்டுப்பாடம், மார்க்கு பற்றிப் பேச்சே கிடையாது. நாலாவது வாரம் மழை வந்து போகமுடியாமல் போனபோது, "ஏம்மா, இன்னைக்குப் போகலையா?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

ரோடு யாருக்கு?

இதெல்லாம் சொன்னபிறகு ஒரு நியாயமான கேள்வி வரும். ரோட்டில் எப்படி அனுப்புவது? உண்மைதான். மெயின் ரோட்டில் லாரி, அறுவடை மெஷின், வேகமாகப் போகிற கார். போதாததற்கு அறுப்புக் காலத்தில் ரோட்டில் பாதி நெல் காயும். அதில் சைக்கிள் வழுக்கினால் பிள்ளை ரோட்டு நடுவில்தான் விழும்.

நெதர்லாந்து என்ற நாடு நம்ம டெல்டா மாதிரியே ஆறும் வாய்க்காலும் சமநிலமும் உள்ள நாடு. இன்றைக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவி வரை சைக்கிளில்தான் போகிறார்கள். ஆனால் அது தானாக வந்ததில்லை. கார்கள் பெருகி, 1971 என்ற ஒரே வருஷத்தில் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ரோட்டு விபத்தில் செத்துப்போனார்கள். பெற்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்து என்று பெயர் வைத்தே ஒரு இயக்கம் நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் படிப்படியாகத் தனி சைக்கிள் பாதைகள் வந்தன. அங்கே ஆரம்பப் பள்ளி முடிக்கும் முன்னால் பிள்ளைகளுக்கு ரோட்டு விதித் தேர்வும், சைக்கிள் ஓட்டிக் காட்டுகிற தேர்வும் வைக்கிறார்கள். வசதி வந்து பாதை போட்டார்கள் என்று நினைக்கக்கூடாது. அம்மா அப்பாக்கள் கேட்டதால் போட்டார்கள்.

நாமும் கேட்கலாம். கிராமசபையில் மனு கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை

இந்தக் கட்டுரையை வாசிக்கிற சகோதரிகளிடம் மூன்று கேட்கிறேன்.

ஒன்று, எட்டாவது முடிக்கிற பிள்ளை உள்ள வீடுகளுக்கு சைக்கிள் வாங்க உள்கடன் கொடுப்பதைக் கூட்டமைப்பு ஒரு தீர்மானமாகப் போடணும். அரசு சைக்கிள் பதினொன்றாவதில் வரும். ஒன்பதாவது, பத்தாவது ஆகிய இரண்டு வருஷத்தை நாம்தான் தாங்கிப் பிடிக்கணும். புதுக்கோட்டையிலும் கடன் கொடுத்துத்தான் சக்கரம் சுழல ஆரம்பித்தது. பழைய சைக்கிள்களைச் சேர்த்துப் பழுது பார்த்து ஊருக்கு இரண்டு சின்ன சைக்கிள் பொதுவில் வைத்தால், கற்றுக்கொள்ளக் கடன்கூட வேண்டாம்.

இரண்டு, கோடை லீவில் ஒவ்வொரு ஊர்க் களத்திலும் ஒரு மாதம் சைக்கிள் பழகும் முகாம். பிள்ளைகளுக்கும் அம்மாக்களுக்கும் சேர்த்து. 2021 மே மாதத்திலிருந்து நமக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். ஆனால் பஸ் வராத நேரத்துக்கும், பஸ் போகாத ஊருக்கும் சைக்கிள் வேண்டும்.

மூன்று, ஊரிலிருந்து பள்ளிக்கூடம் வரை மெயின் ரோடு தொடாமல் போகிற கரைப் பாதையைக் கப்பி போட்டுச் சரி செய்து தரவும், பள்ளி நேரத்தில் ரோட்டில் நெல் காயப்போடாமல் இருக்கவும் கிராமசபையில் நாம் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் கொண்டுவரணும். நெல்லும் நம்முடையதுதான், பிள்ளையும் நம்முடையதுதான். களம் கூடுதலாகக் கட்டித்தரச் சொல்லியும் சேர்த்தே கேட்போம்.

என் மகள் இப்போது கரைப் பாதையில் பள்ளிக்கூடம் வரை போய்வரப் பழகிவிட்டாள். மெயின் ரோட்டைக் குறுக்கே கடக்கிற ஒரு இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். ஜூன் மாதம் அவளோடு சேர்ந்து எங்கள் ஊரிலிருந்து ஆறு பிள்ளைகள் சைக்கிளில் போகப் போகிறார்கள். அதில் நாலு பேர் பெண்பிள்ளைகள்.